வானலையில் ஒரு வீராங்கனை: உஷா மேத்தா

பசியாவரத்துப் பிள்ளைகளுக்குப் பாடு என்றால் என்னவென்று நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன தலைக்கட்டுக்காரர் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்து ஒதுக்கித் தரும் நீர்ப்பரப்பே பாடு. ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறக்கினால் இருவருக்கும் மீன் கிடையாது, சண்டைதான் மிச்சம். வானத்திலும் இவ்வாறு பாடுகள் உண்டு என்பதை நம் மாணவியரிற் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு வானொலி நிலையமும் தனக்கென ஒதுக்கப்பட்ட அலைநீளத்தில் மட்டுமே பேசவேண்டும். அந்த நீளத்தை மீட்டர் கணக்கில் சொல்வர். ஒரே மீட்டரில் இரண்டு நிலையங்கள் பேசினால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நமக்குக் கேட்பது கரகரப்பும் சீழ்க்கையுமே.

இதைப் பெற்றோர்கள் நன்கு அறிவார்கள். இலங்கை வானொலியையும், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியையும் சிற்றலையில் கேட்பதற்காக வானொலிப் பெட்டியின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிய கைகள் அவர்களுடையவை. பாட்டு நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ வேறொரு மொழி குறுக்கே புகுந்துவிடும்! அது தற்செயலான மோதல். வேண்டுமென்றே குறுக்கிடுவோரும் உலகில் உண்டு. கம்பியில்லாத் தந்தி பிறந்த சில ஆண்டுகளிலேயே இந்தக் குறும்பும் பிறந்துவிட்டது. 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம், லண்டனில் அறிஞர் பெருமக்கள் கூடிய அவையொன்றில், மார்க்கோனியின் கருவியைப் பேராசிரியர் பிளெமிங் விளக்கிக்கொண்டிருந்தார். தம் செய்திகளை எவரும் கெடுக்கமுடியாது என்பது மார்க்கோனியின் பெருமை. அருகிலேயே வேறொரு கருவியை வைத்துக்கொண்டு, நெவில் மாஸ்கலின் என்ற மந்திரவித்தைக்காரர் மார்க்கோனியைக் கேலி செய்யும் அடிகளைத் தந்தி மொழியில் அந்தக் கருவிக்குள் அனுப்பிவைத்தார். பிளெமிங் கொதித்தார். அமெரிக்காவிலோ, சொந்தமாகக் கருவி செய்து விளையாடிய இளைஞர்கள் கப்பல்களின் செய்திகளுக்குக் குறுக்கே புகுந்து பெருந்தொல்லை கொடுத்தார்கள். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய பின், அந்நாட்டு அரசு சட்டம் இயற்றி, இவர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் கீழும் ஒதுக்கித் தள்ளியது.

இந்தக் குறும்பை நாம் சிரித்துவிட்டுப் போவதற்கில்லை. கடலில் புயலில் அகப்பட்ட ஒரு படகிலிருந்து அபயக்குரல் வரும் நேரத்தில் யாரோ ஒருவர் விளையாட்டாக அதே அலையில் விசிலடித்தால், கரையில் இருப்பவருக்கு அந்தக் குரல் கேளாது. நம் ஊர்ப் பெண்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் இந்த மலரில் நாம் எழுதப் புகுந்தது குறும்புக்காரர்களைப் பற்றியன்று. வானத்தில் தமக்கென ஒரு பாடும் ஒதுக்கப்படாத நிலையில், ஓர் ஏகாதிபத்தியத்தின் பாட்டிலேயே துணிந்து வலை விரித்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதுகிறோம். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பெயர் உஷா மேத்தா.

குஜராத்தில் சூரத் நகருக்கு அருகே சரஸ் என்ற சிற்றூரில் 1920-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் உஷா பிறந்தார். தந்தையார் ஆங்கில ஆட்சியில் நீதிபதி. ஐந்து வயதிருக்கும்போது அகமதாபாத் ஆசிரமத்தில் காந்தியடிகளை முதன்முதலாகக் கண்டார். பிறகு அடிகள் அவருடைய ஊருக்கருகே நடத்திய முகாமொன்றில் நூல் நூற்கவும் செய்தார். எட்டு வயதில், 1928-ல், சைமன் குழுவே திரும்பிப் போ என்று முழங்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்நாளில் குழந்தைகள் கொடியேந்திச் சென்ற ஊர்வலம் ஒன்றில் போலீசார் தடியடி நடத்த, கொடியைப் பிடித்திருந்த சிறுமி கொடியோடு கீழே விழுந்தாள். குழந்தைகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெற்றோரிடம் முறையிட்டார்கள். பெரியவர்கள் கண்ட வழி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொடியின் மூன்று நிறங்களிலும் பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுத்துவிட்டார்கள். கையிலுள்ள கொடியைத் தட்டிப் பறிக்கலாம். ஊர்வலமே கொடியாக நடந்து வந்தால் எதைப் பறிப்பது?

நீதிபதியின் மகள் இப்படித் திரிவது தந்தையாருக்குச் சங்கடமாகவே இருந்திருக்கும். அவர் 1930-ல் பணி ஓய்வு பெற்றதும் அந்தத் தடையும் நீங்கியது. 1932-ல் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி உஷா, இரகசியத் துண்டறிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், சிறையிலிருப்போரின் உறவினருக்குச் செய்தி கொண்டு செல்வதுமாக இருந்தார். படிப்பையும் விட்டுவிடவில்லை. 1935-ல் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதல் இருபத்தைந்து பேரில் ஒருவராகத் தேறினார். வில்சன் கல்லூரியில் தத்துவம் பயின்று 1939-ல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படிக்கத் தொடங்கினார். தேசசேவை என்றால் புத்தகத்தை மூடி வைப்பதென்று எண்ணும் மாணவியர் இந்த இடத்தை இருமுறை படிக்கவேண்டும்.

1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தியடிகள் முதலான தலைவர்கள் பலரும் சிறையில். பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது. எந்த ஊரில் என்ன நடக்கிறதென்று அடுத்த ஊருக்குத் தெரியாது. அகில இந்திய வானொலி இருந்தது. அது சர்க்காரின் குரல். ஏ.ஐ.ஆர். என்ற அதன் மூன்று எழுத்துக்களுக்கு ஆண்ட்டி இந்தியா ரேடியோ என்று விளக்கம் சொல்லி மக்கள் தங்கள் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொண்டார்கள்.

அடைக்கப்பட்ட நாட்டுக்கு ஒரு குரல் வேண்டும், அது வானொலியாக இருக்கவேண்டும் என்று உஷாவும் அவருடைய தோழர்களும் முடிவு செய்தார்கள். அயல்நாடுகளின் விடுதலைப் போராட்டங்களைப் படித்ததிலிருந்து அவருக்குத் தோன்றிய எண்ணம் இது. பாபுபாய் காக்கர், வித்தல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோர் உடனிருந்தவர்கள். காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்துவந்த சிக்காகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானி கருவிகள் கொடுத்து உதவினார். டாக்டர் ராம் மனோகர் லோகியா தலைமறைவாக இருந்தபடியே வழிகாட்டினார். ஆனால் ஒலிபரப்புக் கருவியை யார் செய்வது?

இங்கேதான் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் வருகிறார்கள். அமெச்சூர் என்று இவர்களைச் சொல்வர். காசுக்காக அன்றி ஆசைக்காகச் சொந்தக் கையால் கருவி செய்து, சர்க்கார் உரிமம் பெற்று, தமக்கென விடப்பட்ட ஒடுங்கிய அலைப்பாட்டில் ஊர் ஊராக, நாடு நாடாக ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள். 1939-ல் உலகப் போர் மூண்டதும் ஆங்கில சர்க்கார் இவர்களிடமிருந்த ஒலிபரப்புக் கருவிகளைப் போலீசாரிடம் ஒப்படைக்கும்படி கட்டளையிட்டது. கருவியை ஒப்படைக்கலாம், கற்ற வித்தையை எப்படி ஒப்படைப்பது? பம்பாயில் நரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூர், முன்னரே சட்டத்துக்குப் புறம்பாக ஒரு வானொலி நடத்திப் பிடிபட்டவர். அவரிடமே காங்கிரஸ் வானொலிக்கான வேலை வந்து சேர்ந்தது. இந்தப் பெயரை நாம் பின்னர் மறுபடியும் எடுக்கவேண்டியிருக்கிறது.

ஆகஸ்டு 27-ஆம் நாள், 42.34 மீட்டரில், அந்த வானொலி பேசத் தொடங்கியது. இது காங்கிரஸ் வானொலி, இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து பேசுகிறோம் என்ற பொருள்பட உஷாவின் குரல் ஒலித்தது. எங்கோ ஓரிடம் என்றது உண்மையில் சவுபாத்திக் கடற்கரை ஓரத்திலிருந்த ஒரு மாடிக் கட்டடம்! ஹிந்துஸ்தான் ஹமாரா பாட்டோடு நிகழ்ச்சி தொடங்கும். வந்தே மாதரத்தோடு முடியும். ஆங்கிலத்திலும் ஹிந்துஸ்தானியிலும் செய்திகள் வந்தன. சிட்டகாங் நகரில் குண்டு விழுந்த செய்தி, ஜாம்ஷெட்பூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம், மத்திய மாகாணத்து அஷ்டி, சிமூர் ஊர்களில் நடந்த கொடுமைகள் என்று எந்தப் பத்திரிகையும் அச்சிடத் துணியாதவற்றை இந்த வானொலி சொன்னது. பல மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் மூலம் பம்பாய்க்குச் செய்தி வந்து சேரும். அதை இசைத்தட்டில் பதிவு செய்வது ஓரிடம். வானில் விடுவது வேறோர் இடம். இரண்டையும் பிரித்து வைத்ததே முதல் தற்காப்பு.

சர்க்கார் சும்மா இருக்குமா? இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, நாம் முதலில் சொன்ன பாட்டுச் சண்டை. காங்கிரஸ் வானொலி பேசும் அதே அலையில் இரைச்சலை ஏவி அதைக் கேட்கவிடாமல் அமுக்கப் பார்த்தது. விளையாட்டுப் பிள்ளை செய்தால் குறும்பு. சர்க்கார் செய்தால் அதற்குப் பாதுகாப்பு நடவடிக்கை என்று பெயர். இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது. வானொலி அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, வளையம் போன்ற ஒரு வான்கம்பியைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடித்துவிடலாம். ஓரிடத்தில் நின்று பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறோர் இடத்திலிருந்து பார்த்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கருவி இருக்கிறது. நம் மீனவர் கடலில் நின்று, கரையிலுள்ள கோபுரத்தையும் கலங்கரை விளக்கையும் கொண்டு தாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்களே, அதே கணக்குத்தான். இக்கருவிகளை ஏற்றிய போலீஸ் வண்டிகள் பம்பாய்த் தெருக்களில் சுற்றின.

ஆகவே நிலையம் ஓடிக்கொண்டே இருந்தது. சவுபாத்தியிலிருந்து லேபர்னம் சாலைக்கு, அங்கிருந்து சாண்டர்ஸ்ட் சாலைக்கு, பிறகு கிர்காவுக்கு, கடைசியில் மகாலட்சுமிக்கு. கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு, குடியேற வந்த குடும்பம்போல் வீடு பிடித்து, அக்கம்பக்கத்தார் ஐயுறாமல் நடந்து, மாலையானதும் குரல் நடுங்காமல் செய்தி படிக்கவேண்டும். வயது இருபத்திரண்டு என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறோம்.

இவ்விடத்தில் சில பெற்றோருக்கு ஒரு கேள்வி எழலாம். உரிமமின்றி ஒலிபரப்புவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். கீழ்ப்படிதலைப் போதிக்கும் கன்னியர் பள்ளியின் மலரில் இதைப் போற்றலாமா? நாம் யோசித்தே எழுதுகிறோம். அடுத்தவர் பேச்சைக் கெடுத்து இன்புறுபவனும் சட்டத்தை மீறுகிறான். அடைக்கப்பட்ட உண்மையைச் சொல்ல முன்வருபவரும் சட்டத்தை மீறுகிறார். முன்னவன் பிடிபட்டால் ஓடுவான். பின்னவர் தண்டனையை ஏற்க ஆயத்தமாகவே வருகிறார். உஷா மேத்தா எந்த வகை என்பதை அடுத்து வந்த நாட்கள் காட்டிவிட்டன. அமெச்சூர் வானொலிக்காரர்களையும் நாம் ஒரே தட்டில் வைத்துப் பழிக்கலாகாது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கரையையும் அந்தமானையும் தாக்கியபோது, ஒரு பெண்மணியின் தலைமையில் போர்ட் பிளேருக்கு முன்னரே சென்றிருந்த அமெச்சூர் குழுவொன்று, தொலைபேசிகள் செத்துக் கிடந்த வேளையில் தங்கள் கருவிகளால் உறவினருக்குச் செய்தி சொல்லிற்று. நம் மாணவியரும் முறைப்படி தேர்வெழுதி இந்த உரிமம் பெறலாம் என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

கதைக்குத் திரும்புவோம். 1942 நவம்பர் 12. கருவி செய்து கொடுத்த பிரிண்டர் போலீசாரிடம் அகப்பட்டார். இடங்களைக் காட்டிக் கொடுத்தார். பாபுபாயின் அலுவலகத்தைப் போலீசார் சோதனையிட்டபோது உஷா அங்கேதான் இருந்தார். மெல்ல நழுவி, பதிவு நடக்கும் இடத்துக்குச் சென்று, அங்கிருந்த லோகியா முதலானோருக்கு எச்சரிக்கை செய்தார். அத்தோடு அவர் எங்காவது ஒளிந்திருக்கலாம்; எவரும் குறைசொல்ல முடியாது. அன்று மாலை நிகழ்ச்சியை நிறுத்தக்கூடாது என்று உறுதியாயிருந்தார். சந்திரகாந்த் ஜவேரியும் உடன் வர, மகாலட்சுமியிலிருந்த பாரடைஸ் பங்களாவுக்குப் போய்க் கருவியை இயக்கினார். ஹிந்துஸ்தான் ஹமாரா ஒலித்தது. செய்தி முடிந்தது. வந்தே மாதரம் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. போலீசார் கதவுகளை உடைத்து உள்ளே வந்து, பாட்டை நிறுத்தும்படி அதட்டினார்கள். இருவரும் நிறுத்தவில்லை. தேசத்தின் பாட்டுக்கு மரியாதையாக அசையாமல் நின்றார்கள்.

காட்டிக்கொடுத்தவரும் அந்தப் போலீசாரோடு வந்திருந்தார். அவரைப் பற்றிக் கடுமையாக எழுதப் பலருக்குக் கை துறுதுறுக்கும். குளிர் காய்ந்த நெருப்பருகே ஆண்டவரை மும்முறை மறுதலித்த இராயப்பரின் கதை நம் மாணவியருக்குத் தெரியும். அச்சம் மனிதரை என்ன செய்யும் என்பதும் தெரியும். அதனாலேயே அடுத்து நடந்தது நமக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. ஆறு மாத காலம் உஷாவைப் போலீசார் விசாரித்தார்கள். தனிமைச் சிறையில் வைத்தார்கள். சொல்லவேண்டியதைச் சொன்னால் அயல்நாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைப்பதாக ஆசை காட்டினார்கள். படிப்பில் எத்தனை ஆசையுள்ள பெண் என்பதை மேலே கண்டோம்! அவர் வாய் திறக்கவில்லை. நீதிமன்றத்தில், தான் கேள்விகளுக்கு விடை சொல்லியே ஆகவேண்டுமா என்று நீதிபதியைக் கேட்டார். கட்டாயமில்லை என்று தெரிந்ததும், தன்னைக் காத்துக்கொள்வதற்காகக்கூட ஒரு விடையும் சொல்வதில்லை என்று அறிவித்துவிட்டார். நாடெங்கும் கேட்கப் பேசியவர், ஒரே அறைக்குள் மௌனமானார்.

பாபுபாய் காக்கருக்கு ஐந்தாண்டு, உஷாவுக்கு நான்காண்டு, சந்திரகாந்துக்கு ஓராண்டு என்று தண்டனை விதிக்கப்பட்டது. வித்தல்தாஸ் ஜவேரியும் மோட்வானியும் விடுதலையானார்கள். எரவாடாச் சிறையில் உஷாவின் உடல்நலம் குன்றியது. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் காவலோடு வைத்துச் சிகிச்சை செய்து மறுபடியும் சிறைக்கே அனுப்பினார்கள். 1946 மார்ச்சு, ஏப்ரல் வாக்கில், பம்பாய் மாகாணத்தில் மொரார்ஜி தேசாய் உள்துறை அமைச்சராயிருந்தபோது, விடுதலை கிடைத்தது. எந்த நாளுக்காக இத்தனையும் பட்டாரோ அந்த 1947 ஆகஸ்டு 15 அன்று, நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். டில்லி விழாவுக்குப் போக முடியவில்லை.

பதவி தேடி அவர் போகவில்லை. விட்ட படிப்பைத் தொடர்ந்தார். காந்தியடிகளின் அரசியல், சமூகச் சிந்தனைகளை ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பல்லாண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்து, அரசியல் துறைத் தலைவராக 1980-ல் ஓய்வு பெற்றார். மணமுடிக்கவில்லை. கதர் தவிர வேறு உடுத்தவில்லை. பேருந்திலேயே போய்வருவார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். இரவு வெகுநேரம்வரை வேலை செய்வார். சில காலம் தேநீரும் ரொட்டியுமே உணவு. நம் சபைச் சகோதரிகளுக்கு இந்த வாழ்க்கை புதிதாகத் தோன்றாது. காந்தியடிகள் பம்பாயில் தங்கிய மணி பவன் இல்லத்தை நினைவில்லமாகப் பேணும் பணியில் கடைசிவரை ஈடுபட்டிருந்தார். மணி பவன் இருப்பது லேபர்னம் சாலையில். இரகசியக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒருகாலத்தில் அவர் ஒளிந்து வாழ்ந்த அதே சாலை! இந்திய அரசு 1998-ல் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 2024-ல் அவருடைய கதை ஹிந்தியில் திரைப்படமாகவும் வந்தது. திரைப்படத்தில் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருப்பார்கள். கூட்டாமலே இந்த வாழ்க்கை போதிய அளவு பெரியது என்பது நம் கருத்து.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் ஆண்டுநாள் வந்தபோது அவருக்குக் காய்ச்சல். ஆண்டுதோறும் தவறாமல் செல்லும் அந்தப் பழைய மைதானத்துக்கு அந்த ஆண்டும் சென்று வந்தார். வீடு திரும்பியபோது மிகவும் களைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 11-ஆம் நாள், எண்பதாம் வயதில், அமைதியாக உயிர் நீத்தார்.